என் வண்டியில் சத்தமே இல்லை

ஜனவரி 4, ஞாயிறு

கௌரிசங்கருக்கு என் இடத்தின் மேல் கண். இன்று காலை எங்கள் பைக் சங்கத்துக்காரர்கள் எல்லோரும் பல்லடம் வரை போய் டீ குடித்துக்கொண்டு நிற்கும்போது, பத்துப் பேர் முன்னால் சொல்கிறான்:

"அக்கா, உங்க இன்ஜின்ல சத்தம் வருதுங்க்கா. டொக்கு டொக்குங்குது. பாத்துக்கங்க."

பார்த்துக்கொள்ள வேண்டுமாம். இவன் பைக் வாங்கி இன்னும் ஒரு வருஷம் முடியவில்லை. நான் இந்தப் பழைய இரட்டை சிலிண்டர் வண்டியை யாரோ ஓட்டித் தள்ளிவிட்டதை வாங்கி, நட்டு நட்டாகக் கழற்றி மாட்டி, லடாக் வரை போய் வந்தவள். அதன் மூச்சு எனக்குத் தெரியாதா? சொல்லப்போனால் இந்தக் கொஞ்ச மாதமாக வண்டி முன்னெப்போதையும் விட அமைதியாக ஓடுகிறது. பட்டு மாதிரி.

அவன் கணக்கு எனக்குப் புரிகிறது. பிப்ரவரியில் கோகர்ணம் போகிறோம். முன்வண்டி நான். எங்கே திரும்புவது, எங்கே நிறுத்துவது, எந்த வேகம் என்று முடிவு செய்வது முன்வண்டிதான். அதைப் பிடுங்க வேண்டும் அவனுக்கு.

தரமாட்டேன். திருப்பூரில் காஜா பட்டன் யூனிட் வைத்திருக்கிறேன். பேருக்கு முதலாளி. சட்டைக்குக் காஜா அடித்துக் கொடுத்துவிட்டு ஏற்றுமதிக் கம்பெனிக்காரன் வாசலில் நிற்கிறேன். வீட்டில் அவருக்குப் பின்னால், விசேஷங்களில் நாத்தனார்களுக்குப் பின்னால். எனக்கு முன்னால் யாருமே இல்லாத இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதை நேற்று மீசை முளைத்தவனுக்குத் தூக்கிக் கொடுக்க நான் சாந்தாமணி என்ற பேருக்கேற்ற ஆள் இல்லை.

ஜனவரி 6, செவ்வாய்

யூனிட்டில் வேலை ஜாஸ்தி. பொங்கலுக்குள் முடிக்க வேண்டும். ஆனாலும் இங்கே இருந்தால் மனசு தெம்பாக இருக்கிறது. மிஷின் இரைச்சலில் பெண்கள் எல்லோரும் வாயைத் திறந்து, தெளிவாகப் பேசுகிறார்கள். வீட்டில்தான் முணுமுணுப்பு.

மாலை ராயப்பன் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனேன். சந்தேகம் வந்ததால் அல்ல. சத்தம் இல்லை என்று ஒரு மெக்கானிக் வாயால் சொல்ல வைத்து, அதைக் கௌரிசங்கர் மூஞ்சியில் எறிவதற்காக. ராயப்பன் வண்டியை முடுக்கி, தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார். இவருக்குக் காதுக்கு மேலே ஒரு பென்சில் எப்போதும் இருக்கும். எழுதி நான் பார்த்ததில்லை.

"டேப்பட்டுங் அம்மிணி. கேக்குதா?"

"கேக்குதுங்" என்று சொல்லி வைத்தேன். இல்லை என்றால் பாடம் எடுக்க ஆரம்பித்துவிடுவார்.

ஜனவரி 8, வியாழன்

வால்வைத் தட்டும் அந்த டேப்பட்டைச் சரிசெய்துவிட்டாராம். ஆனாலும் சத்தம் போகவில்லையாம். இப்போது செயின் பக்கம் திறந்து பார்க்க வேண்டுமாம். எனக்குச் சரிசெய்வதற்கு முன்பும் பின்பும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. இல்லாத நோய்க்கு வைத்தியம் பார்த்தால் எப்படித் தெரியும்?

வெளியே வரும்போது பார்க்கிறேன், பட்டறை மூலையில் கௌரிசங்கர் வண்டி தண்ணீர் அடிக்க நிற்கிறது. சரி, புரிந்துவிட்டது. இரண்டு பேரும் கூட்டு. "இன்னொரு தடவை என்ற வண்டியத் தொட்டீங்கன்னா நடக்கறதே வேற" என்று சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜனவரி 10, சனி

காலிங் பெல் கெட்டுவிட்டது. தபால்காரர் அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டில் பார்சலைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் அவன் அழுத்திப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறான். "ரெண்டு தெருவுக்குக் கேக்குதுங்க்கா." சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை. வேறு பெல் மாட்டச் சொன்னேன். அதுவும் உருப்படாத சரக்கு.

குக்கரும் சரியில்லை. பருப்பு தீய்ந்து கருகிவிட்டது. விசிலே வரவில்லை. அவர் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"எட்டு விசில் வந்துச்சு, சாந்தா."

"அப்ப அடுப்ப அணைக்கறதுக்கு என்னங்?"

"நீ அங்கதான நின்னுட்டிருந்தே" என்றார். அதற்குப் பிறகு ஏதோ முணுமுணுத்தார். இந்த மனிதருக்கு என்னைப் பற்றிச் சொல்வதை என் முகத்துக்கு நேராகச் சொல்லத் துணிச்சல் கிடையாது. தங்கமுத்து என்று ஊரெல்லாம் நல்ல பெயர். குரல் உயர்த்தாத மனுஷராம்.

ஜனவரி 15, வியாழன். பொங்கல்

யூனிட் லீவு. காலையில் பொங்கல் வைத்துவிட்டு, சிவன்மலைக்குப் போகலாம் என்று அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டேன். காங்கயம் ரோடு காலியாக இருந்தது. வெயில் இதமாக இருந்தது. கோபமெல்லாம் கொஞ்சம் இறங்கியிருந்த நேரம்.

பாதி வழியில் என் காதருகே கத்துகிறார்: "சாந்தா! சத்தம் வருது! அந்தப் பையன் சொன்னது நெசந்தான்!"

ரோட்டில், காற்றிலும் இரைச்சலிலும் போகும்போது மட்டும்தான் இவர் வாயைத் திறந்து பேசுவார். ஒவ்வொரு எழுத்தும் அழகாகக் கேட்டது. கேட்டதுதான் பிரச்சினை. அந்தப் பையனாம். நெசந்தானாம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் பக்கம் நின்று ஒரு வார்த்தை பேசாதவர், இதற்கு மட்டும் தொண்டை கிழியக் கத்துகிறார்.

மலையடிவாரத்தில் இறக்கிவிட்டு, நான் மட்டும் திரும்பி வந்துவிட்டேன். அவர் சாமி கும்பிட்டுவிட்டுப் பஸ்ஸில் வந்தார்.

ஜனவரி 16, வெள்ளி

அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. வீடு நிம்மதியாக இருக்கிறது.

ஜனவரி 18, ஞாயிறு

இரண்டு வாரத்தில் கேட்பு ஞாயிறு. நெடும்பயணத்துக்கு முந்தின ஞாயிறு எல்லா வண்டிகளையும் ஒரு மைதானத்தில் நிறுத்தி ஒவ்வொன்றாக முடுக்குவோம். மற்றவர்கள் வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்க வேண்டும். கோளாறு காதில் பட்டால் கை தூக்க வேண்டும். முன்வண்டிக்காரர் கை தூக்கினால் அந்த வண்டி வரக்கூடாது. அவர் தூக்காவிட்டால், மற்றவர்கள் எத்தனை பேர் தூக்கினாலும் வரலாம். முன்வண்டிக்கு மட்டும் மற்றவர்கள் கைதான் தீர்ப்பு. யாரோ ஒருவருடைய இன்ஜின் மலைப்பாதையில் இறுகி, அவர் விழுந்து காலை முறித்துக்கொண்ட பிறகு நான் கொண்டுவந்த சட்டம் இது. என் சட்டத்தை வைத்தே என்னைக் கவிழ்க்கப் பார்ப்பார்கள். அதனால் அதற்கு முன் ஆதாரம் வேண்டும் என்று நினைத்தேன்.

காலையில் போர்டிகோவில் வண்டியை நிறுத்தி ஆயிலை வடித்தேன். நல்ல இன்ஜின் என்றால் ஆயில் கருப்பாக இருக்குமே தவிர அதில் வேறொன்றும் இருக்காது. நம் ஊரில் வெள்ளைப் பனியன் துணிக்கா பஞ்சம்? ஒரு துண்டை வாளி மேல் கட்டி ஆயிலை ஊற்றினேன். போட்டோ எடுத்து சங்கத்தின் குரூப்பில் போட வேண்டும் என்று போனைக்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

ஆயில் இறங்கிய பிறகு துணியில் மினுமினுவென்று பொடி நின்றது. வெயிலில் செம்பு நிறம்.

காந்தத்தைக் கொண்டுவந்து வைத்தேன். ஒட்டவில்லை. அப்படியானால் இரும்பு இல்லை. உள்ளே செம்பு கலந்து இருப்பது பிஸ்டன் தண்டின் அடியில் உள்ள பேரிங். அது தேய்ந்து இவ்வளவு பொடி வந்திருக்கிறது என்றால், தண்டு ஆட ஆரம்பித்துப் பல நாள் ஆகிவிட்டது. இந்த நிலையில் ஓர் இன்ஜின் தட்டாமல் ஓட முடியாது. முடியவே முடியாது. இது யார் சொல்லியும் எனக்குத் தெரிய வேண்டியதில்லை.

பிறகு புது ஆயில் ஊற்றி வண்டியை முடுக்கினேன். உட்கார்ந்து, காதை இன்ஜினுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கேட்டேன். பட்டு மாதிரி ஓடியது.

நீளமான ஸ்குரு டிரைவரை எடுத்தேன். எந்தப் பட்டறையிலும் செய்வதுதான். நுனியை இன்ஜின் மேல் அழுத்தி, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் வைத்தேன்.

டொக். டொக். டொக். டொக்.

மண்டைக்குள்ளேயே யாரோ சுத்தியலால் அடிப்பது போல இருந்தது. எடுத்தேன். ஒன்றும் இல்லை. வைத்தேன். டொக். இடது காதுப் பக்கம் மாற்றினேன். அதே கதைதான். இன்ஜினை அணைத்துவிட்டு வீட்டுக்குள் போய்ப் பிரிட்ஜின் மேல் வைத்தேன். முனகியது. எடுத்தேன், நின்றுவிட்டது. சுவர்க் கடிகாரத்தில் வைத்தேன். அது ஓடிக்கொண்டிருக்கும் சத்தத்தை நான் கடைசியாக எப்போது கேட்டேன் என்று நினைவில்லை.

அவர் சமையல்கட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என்னவோ கேட்டார். "குக்கர் ரிப்பேர் பாக்கறேன்" என்றேன்.

குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். கோபத்தில்தான்.

ஜனவரி 19, திங்கள்

யூனிட் திறந்தோம். இரண்டு ஊசி உடைந்தது. வேறு ஒன்றும் எழுதுவதற்கு இல்லை.

ஜனவரி 21, புதன்

நூல் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கோயம்புத்தூர் போய்க் காது டாக்டரைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு பேசினார். "அந்த மாஸ்க்கக் கழட்டுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றேன். கழற்றினார்.

ஓர் இரும்புக் கவையைத் தட்டி என் காதருகே பிடித்தார். ஒன்றும் கேட்கவில்லை. அதையே காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார். கேட்டது. நான் ஸ்குரு டிரைவரோடு கண்டுபிடித்ததைத்தான் அவரும் கண்டுபிடித்தார். காதுக்குள் மூன்று குட்டி எலும்புகள் இருக்கின்றனவாம். அதில் ஒன்று அசையாமல் இறுகிவிட்டதாம். சில பெண்களுக்கு என் வயதில் வருமாம். இரைச்சலான இடத்தில் மற்றவர்கள் குரலை உயர்த்துவதால் நன்றாகக் கேட்பது போலத் தோன்றுமாம். ஆபரேஷன் செய்யலாமாம், செய்தால் கொஞ்ச நாள் வெளியூர் போகக்கூடாதாம். பிப்ரவரி கடைசியில் வருகிறேன் என்றேன்.

வண்டியில் ஓர் உறுப்பு தளர்ந்துவிட்டது, என்னிடம் ஓர் உறுப்பு இறுகிவிட்டது. இரண்டும் சேர்ந்து கௌரிசங்கரை ஜெயிக்க வைக்கப் பார்க்கின்றன.

யாரிடமும் சொல்லப் போவதில்லை. வண்டியைச் சரிசெய்வேன். கேட்பு ஞாயிற்றில் மற்றவர்கள் கையை ஓரக்கண்ணால் பார்த்து நானும் தூக்குவேன். கோகர்ணம் போய்விட்டு வந்து ஆபரேஷன். அவ்வளவுதான்.

ஜனவரி 24, சனி

ராயப்பன் முன்னால் துணியை விரித்துப் போட்டேன். பொடியைத் தடவிப் பார்த்துவிட்டு, "நான் அப்பவே நெனைச்சனுங்" என்கிறார். டேப்பட் என்று சொன்ன வாய். சண்டை போட நேரம் இல்லை. இரண்டு நாளாகப் பக்கத்திலேயே நின்று, பாதி வேலையை நானே செய்தேன். தண்டு பிழைத்துக்கொண்டது, பேரிங் மாற்றியாகிவிட்டது. முடுக்கினார்.

"இப்பக் கேளுங் அம்மிணி. வெண்ணெய்!"

அவர் உள்ளே போன பிறகு ஸ்குரு டிரைவரை வைத்துப் பார்த்தேன். உண்மைதான்.

பிப்ரவரி 1, ஞாயிறு. கேட்பு ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் என் வண்டி. ஒரு கையும் எழவில்லை. கௌரிசங்கர் மறுபடி முடுக்கச் சொன்னான். முடுக்கினேன். அப்போதும் எழவில்லை. அவன் முகம் சுருங்கியதைப் பார்க்க இந்தப் பொங்கல் முழுக்கப் பட்ட கஷ்டம் தீர்ந்தது.

அடுத்து மற்ற வண்டிகள். இங்கேதான் ஒரு விஷயத்தை யோசிக்காமல் விட்டுவிட்டேன். முன்வண்டிக்காரர் எல்லோருக்கும் முன்னால் தனியாக நிற்க வேண்டும். எனக்குப் பின்னால்தான் மற்ற எல்லோரும். அவர்கள் கை எனக்கு எப்படித் தெரியும்? அதுவும் நான் போட்ட சட்டம்தான். ஒவ்வொரு வண்டிக்கும் கண்ணை மூடிக்கொண்டு, கோளாறு எதுவும் இருக்கக்கூடாதே என்று சாமியை வேண்டிக்கொண்டு நின்றேன். கண்ணைத் திறந்து திரும்பும்போதெல்லாம் கைகள் கீழேதான் இருந்தன. தப்பித்தேன், தப்பித்தேன் என்று ஓடிக்கொண்டிருந்தது.

கௌரிசங்கர் வண்டி வந்தது. என் காதில் ஏதோ லேசாக உறுமியது. கை தூக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் அத்தனை பேர் கையும் மேலே. திரும்பிய பிறகு தூக்கினால் கணக்கில்லை.

கைகள் இறங்கின. யாரோ கை தட்டினார்கள். வயதில் மூத்தவரான சதாசிவம் அண்ணன் அருகே வந்து உரக்கச் சொன்னார், "அம்மிணி, இவன் உன்னப் படுத்துன பாட்டுக்கு நீ கை தூக்காம விட்ட பாரு. மனசுன்னா அது மனசு."

கௌரிசங்கர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். கண் கலங்கியிருந்தது. அவனுக்கு நான் பிச்சை போட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டான்.

அந்தப் பெயரை வைத்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஒரு வார்த்தை பேசாமல் முன்வண்டியும் மிஞ்சும், பெரிய மனசுக்காரி என்ற பட்டமும் கிடைக்கும். அவன் வண்டி திம்பம் மலையில் இறுகினால் அது அவன் தலையெழுத்து. இதை நான் நினைத்தேன். எழுதத்தான் வேண்டும். அவன் கீழே விழுந்து கிடப்பதைக்கூட ஒரு கணம் மனசில் பார்த்தேன், அது பிடிக்கவும் செய்தது. அதற்கடுத்த கணம் சதாசிவம் அண்ணன் பக்கம் திரும்பினேன்.

"மனசுமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல" என்றேன். "எனக்குக் கேக்கலைங்க்ணா. என்ற வண்டிச் சத்தமே எனக்குக் கேக்கல. காது போச்சு. அவன் வண்டிய எடுக்க விடாதீங்க."

அதற்குப் பிறகு அவர்கள் பேசினார்களா, சும்மா நின்றார்களா என்று எனக்குத் தெரியவில்லை. பையிலிருந்து ஸ்குரு டிரைவரை எடுத்துக்கொண்டு கௌரிசங்கர் வண்டிக்குப் போனேன். எல்லோரும் பார்க்க, எலும்பில் வைத்துக் கேட்டேன். உள்ளே டைமிங் செயின் தளர்ந்து உறையில் உரசிக்கொண்டிருந்தது. அறுந்தால் இன்ஜின் காலி. சாமான் வர இரண்டு வாரமாவது ஆகும்.

கலங்கிய கண் அதற்குள் காய்ந்துவிட்டது அவனுக்கு. நேராக வந்து, முகத்துக்கு முன் நின்று கத்தினான்: "அப்ப முன்வண்டி எப்படிங்க்கா நீங்க? பின்னால யாராச்சும் விழுந்து ஆரன் அடிச்சா உங்களுக்கு எப்படிக் கேக்கும்?"

நியாயமான கேள்வி. அவன் கேட்டதால்தான் எரிந்தது. சதாசிவம் அண்ணன் இரண்டு பேரும் இந்த வருஷம் வீட்டில் இருங்கள் என்கிற மாதிரி கையை ஆட்டினார். நான் அவனைப் பார்த்தேன். அவனிடம் இரண்டு நல்ல காது இருக்கிறது, வண்டி இல்லை. என்னிடம் வெண்ணெய் மாதிரி ஒரு வண்டி இருக்கிறது.

"நீ என்ற பின்னால ஏறிக்க" என்றேன். "ஆரன் கேட்டா சொல்லு."

"உங்க பின்னாலயா?"

"இல்லாட்டி ஊட்டுல கெட."

ஏதோ சொன்னான். கத்திச் சொல்லச் சொன்னேன்.

"சரிங்க்கா!" என்று கத்தினான். மைதானமே திரும்பிப் பார்த்தது.

பிப்ரவரி 2, திங்கள்

அவரிடம் சொன்னேன். "எனக்கு தீவாளிக்கே தெரியும்" என்கிறார், நன்றாகச் சத்தமாக. "சொன்னா என்னயக் கொன்னு போட்டிருப்ப." சிவன்மலையில் விட்டுவிட்டு வந்ததற்கு மன்னிப்புக் கேட்கலாம் என்று வாய் வரை வந்தது. நாளைக்குக் கேட்கலாம்.

பிப்ரவரி 7, சனி. மைசூர்

உடம்பெல்லாம் வலி. வண்டியால் இல்லை. பின்னால் உட்கார்ந்திருந்தவனால்.

சத்தியமங்கலம் வரும்வரை கௌரிசங்கர் வாய் ஓயவில்லை. பள்ளம் வருதுங்க்கா. லாரிக்கு வழி விடுங்க்கா. கியரைக் குறைங்க்கா. ஓடும் வண்டியில் எனக்கு எல்லாம் கேட்கும் என்பதை அவனிடம் சொல்லியிருக்கக்கூடாது. பண்ணாரி கோயிலில் நிறுத்தியபோது, இன்னொரு தடவை கியரைப் பற்றிப் பேசினால் இறக்கிவிட்டுவிடுவேன், பஸ்ஸில் வர வேண்டியதுதான் என்றேன். "சிவன்மலைல இருந்து பஸ்ல வந்த கதைய உங்க வீட்டுக்காரர் சொன்னாருங்க்கா" என்று இளித்தான்.

திம்பம் மலையேற்றம். ஒரு கொண்டை ஊசி வளைவு தாண்டினால் பின்னால் வருபவர்கள் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள். கண்ணாடியில் வெறும் ரோடும் மரமும்தான். வண்டி அழகாக ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் யாரும் இல்லை. இதற்காகத்தான் இத்தனை பாடும்.

அப்போது தோளைத் தட்டினான். "ஆரன்! நிறுத்துங்க்கா!"

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. காற்றும் இன்ஜினும்தான். வேண்டுமென்றே செய்கிறான் என்று தோன்றியது. என்னை நிறுத்த வைத்துப் பார்ப்பதில் அவனுக்கு ஓர் இன்பம். கை ஆக்சிலேட்டரை முறுக்கத்தான் பார்த்தது. இன்னொரு தடவை தட்டினான், இம்முறை கையை முஷ்டியாக மடக்கி, வலிக்கிற மாதிரி.

ஓரம் கட்டினேன். திரும்பிப் பார்த்தேன். வளைவில் யாரும் வரவில்லை. ஒரு வண்டிகூட வரவில்லை. அவன் அதற்குள் குதித்து இறக்கத்தில் ஓட ஆரம்பித்திருந்தான்.

ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்தேன். கீழே இரண்டு வளைவு தாண்டி, சதாசிவம் அண்ணனின் வண்டி ரோட்டின் குறுக்கே கிடந்தது. அவர் கால் அதன் அடியில் இருந்தது. மேலேயிருந்து ஒரு சரக்கு லாரி இறங்கிக்கொண்டிருந்தது. என்னைத் தாண்டித்தான் அது போக வேண்டும். என் வண்டியை ரோட்டுக்கு நடுவில் குறுக்கே நிறுத்திவிட்டு, இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு நின்றேன். டிரைவர் பிரேக்கை மிதித்து, என் முன்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி நிறுத்திவிட்டு, தலையை வெளியே நீட்டி என்னை வாய்க்கு வந்தபடி திட்டினான். உதடு அசைவதிலேயே எல்லாம் தெரிந்தது.

அண்ணனுக்கு எலும்பு முறியவில்லை, சிராய்ப்புதான். கட்டுப் போட்டு, அந்த வழியாக வந்த ஒரு ஜீப்பில் ஏற்றினோம். கௌரிசங்கர் திரும்பி வந்து பின்னால் ஏறினான். எத்தனை தடவை ஆரன் அடித்தார்கள் என்று கேட்டேன்.

"ரொம்ப நேரமா அடிச்சாங்க்கா" என்றான்.

வண்டியை முடுக்கினேன். "நல்லாப் புடிச்சுக்க. இனி ஒரு தடவை தட்டுனாப் போதும், நின்னுருவேன்" என்றேன்.